ஏழு பல்சக்கரங்களால் ஒரு பூச்சிற்பம்: திரையில் சுழல்கிறது, வெட்டியபின் பூட்டிக்கொள்கிறது

இதழ்ச்சக்கரம் (கேள்வி)

வணக்கம். சுவரில் மாட்டுகிற சுழலும் சிற்பம் ஒன்றுக்கு மாடல் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றி இதழ்களாக ஆறு கியர். ஏழுக்கும் 36 பல், பிட்ச் வட்டத்தின் (கோக்கும்போது இரு கியரும் ஒன்றையொன்று தொடும் கற்பனை வட்டம்) விட்டம் 144 மிமீ. மொத்த அகலம் 440 மிமீ. 6 மிமீ பிர்ச் பிளைவுட்டில் லேசரில் வெட்டுகிறேன்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கியர் ஆட்-ஆன் வைத்து ஒன்றை உருவாக்கி, நகலெடுத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீஃபிரேமில் (எந்த நொடியில் எந்தக் கோணம் என்ற குறிப்பு) சுழற்சி கொடுத்தேன். திரையில் அழகாக ஓடுகிறது. வெட்டி மாட்டினால் இரண்டு கியர் மட்டும் இருக்கும்போது கரகரவென்று சுற்றுகிறது. மூன்றாவதைச் சேர்த்ததும் அசையவே இல்லை. பற்களை உப்புக் காகிதத்தால் தேய்த்தும் பயனில்லை.

பல்லின் வடிவம் தவறா, இடைவெளி போதவில்லையா, இல்லை அமைப்பிலேயே கோளாறா? இந்த வேலைக்கு எந்த மென்பொருள் சரிப்படும்? இன்னொன்று: எல்லாம் ஒரே வேகத்தில் சுழலாமல், ஒரு பகுதி மட்டும் வேகம் கூடிக் குறைந்து ஓட வேண்டும் என்று ஆசை. நீள்வட்ட கியர் வைத்தால் அது நடக்குமா?

மாட்யூல்நான்கு

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. கரகரப்புக்குப் பல்லின் வடிவம் காரணம். பூட்டிக்கொள்வதற்கு அமைப்பு காரணம். எவ்வளவு தேய்த்தாலும் இரண்டாவது தீராது.

நடு கியர் வலமாகச் சுற்றினால் அதைத் தொடும் ஒவ்வொரு இதழும் இடமாகச் சுற்றியாக வேண்டும். பக்கத்துப் பக்கத்து இதழ்களும் ஒன்றையொன்று தொடுவதால் அவை எதிரெதிராகச் சுற்றியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. ஒரே தளத்தில் வளையமாகத் தொடும் கியர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் அது பூட்டிக்கொள்ளும். உங்கள் பூவில் நடு கியரும் அடுத்தடுத்த இரண்டு இதழும் சேர்ந்த மூன்றின் வளையம் ஆறு இருக்கிறது. பிளெண்டர் அனிமேஷன் இதைக் காட்டாது. கீஃபிரேம் சொன்ன கோணத்துக்கு ஒவ்வொன்றையும் திருப்புமே தவிர, பல் பல்லை முட்டுகிறதா என்று அது பார்ப்பதில்லை.

(மூன்று கியர் ஒன்றையொன்று தொட்டபடி ஓடவே முடியாது என்பது ஒரு தளத்துக்குள் மட்டும்தான் உண்மை. சால் ஷ்லைமரும் ஹென்றி செகர்மனும் வடிவமைத்த ‘டிரிபிள் கியர்’ சிற்பத்தில் மூன்று வளையங்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் கோத்துக்கொண்டு, மூன்றும் சேர்ந்தே சுழல்கின்றன. முப்பரிமாணத்தில் மாடல் போடத் தெரிந்தவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.)

பூ வடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆறு இதழ்களின் வளையம் இரட்டைப்படை, அது தனியாக நன்றாக ஓடும். நடு கியரை மட்டும் அந்தத் தளத்திலிருந்து எடுத்து 2 மிமீ இடைவெளி விட்டு முன்னால் வையுங்கள். நேரே பார்ப்பவருக்குப் பற்கள் கோத்திருப்பதாகவே தெரியும். அதைச் சுழற்றப் பின்னால் ஒரு தளம் போதும். முதல் இதழின் பின்னால் 24 பல் கியர் ஒன்றை அதோடு சேர்த்துப் பிணையுங்கள், நடுவின் பின்னால் 48 பல் கியர். மாட்யூல் (பிட்ச் விட்டம் ÷ பல் எண்ணிக்கை) 4 என்றால் இரண்டுக்கும் மைய தூரம் (24 + 48) × 4 ÷ 2 = 144 மிமீ. இதழ்களின் மைய தூரமும் அதேதான், எந்த அச்சையும் நகர்த்த வேண்டாம். நடு கியர் இதழ்களின் பாதி வேகத்தில் சுழலும், பார்க்க இதுதான் கூடுதல் அழகு. முன் நடுவையும் பின் 48-ஐயும் இணைக்கும் உருளைக்கு இடம் இருக்குமா என்றால், தாராளமாக இருக்கிறது: இதழ்களின் பல்நுனி ஆரம் 76 மிமீ, ஆக நடுவே 68 மிமீ ஆரத்துக்கு வெற்றிடம்.

பல் கோப்பது உங்கள் எண்களில் எளிது. 36 பல் என்றால் பல்லுக்குப் பல் 10°. 60° அதன் முழு மடங்கு. எனவே 1, 3, 5 இதழ்களை அப்படியே வைத்து 2, 4, 6 இதழ்களை 5° திருப்பினால் பல் பள்ளத்தில் விழும்.

கோணமானி

கரகரப்பைப் பற்றி. பிளெண்டரின் அந்த ஆட்-ஆன் தரும் பல்லுக்குப் பக்கங்கள் நேர்கோடு. படம் காட்ட அது போதும். ஓடும் கியருக்கு இன்வால்யூட் வளைவு (வட்டத்தில் சுற்றிய நூலை இழுத்துப் பிரிக்கும்போது நுனி வரையும் கோடு) வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பல் மாறும்போதும் வேகம் துள்ளும். இன்வால்யூட்டின் இன்னொரு பெரிய நன்மை, மைய தூரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் வேக விகிதம் மாறாது, பல்லிடை ஆட்டம் மட்டும் கொஞ்சம் கூடும். மரத்தில் செய்பவர்களுக்கு அது வரம்.

ஃப்ரீகேட் என்ற மாடலிங் மென்பொருளில் ‘கியர்ஸ்’ ஒர்க்பெஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம். மாட்யூல், பல் எண்ணிக்கை, அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சாய்வு), பேக்லாஷ் (பல்லிடை ஆட்டம்) எல்லாம் பெட்டியில் எண்ணாகக் கொடுத்தால் போதும், பின்னால் மாற்றினாலும் வடிவம் தானே மாறும். ஃப்யூஷனில் (முன்பு ஃப்யூஷன் 360) ஆட்-இன் பட்டியலிலேயே ‘ஸ்பர் கியர்’ இருக்கிறது, அங்கேயும் எண்களைக் கொடுத்தால் போதும். நிரல் எழுதிப் பழக்கம் இருந்தால் ஓப்பன்எஸ்கேட், போஸ்ல்2 நூலகத்தோடு. பிளெண்டரைக் கடைசியில் ஒளியமைப்புக்கும் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனதில் இருக்க வேண்டிய கணக்கு கொஞ்சம்தான். பிட்ச் விட்டம் = மாட்யூல் × பல். வெளிவிட்டம் = மாட்யூல் × (பல் + 2). பள்ளத்தின் அடிவிட்டம் = மாட்யூல் × (பல் − 2.5). உங்கள் கியருக்கு 144, 152, 134 மிமீ. அழுத்தக் கோணம் 20° என்றால் 17 பல்லுக்குக் கீழே போகாதீர்கள். போனால் பல்லின் அடி குடையப்பட்டு மெலிந்துவிடும், பிளைவுட்டில் அந்த இடம்தான் முதலில் உடையும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘ஸ்கேல்’. 24 பல் கியரை இழுத்துப் பெரிதாக்கினால் பல் எண்ணிக்கை அப்படியே நிற்க, மாட்யூல் மாறிவிடும். பிறகு அது பழைய கியரோடு சேரவே சேராது. அளவு பெரிதாக வேண்டுமென்றால் பல்லைக் கூட்டுங்கள்.

வெட்டும் முன் ஒரு சோதனை. இரண்டு கியரை அதன் இடத்தில் வைத்து, ஒன்றை 2.5° வலமாக, மற்றதை 2.5° இடமாகத் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்று வெட்டுப்பகுதியைப் பாருங்கள். நான்கு முறை இப்படித் திருப்பினால் ஒரு முழுப் பல் கடந்துவிடும். எங்கும் மேல்படியாவிட்டால் மற்ற பற்களிலும் படியாது. பேக்லாஷ் 0.3 மிமீ கொடுங்கள்.

ஒட்டுப்பலகை

மேலே சொன்ன 0.3-ல ஒரு திருத்தம். லேசர்ல வெட்டுறதா இருந்தா கேட் (CAD) மென்பொருள்ல பேக்லாஷ் பூஜ்யம்னே வைங்க. 6 மிமீ பிளைவுட்ல லேசர் தின்னுற அகலம் சுமார் 0.2 மிமீ. கோட்டு மேலயே வெட்டினா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி போய் பல் 0.2 மெலியும், பள்ளம் 0.2 அகலும். ஜோடியாச் சேரும்போது 0.4 மிமீ ஆட்டம் தானா வந்துடும். மாட்யூல் 4-ல பல்லோட தடிமன் 6.28 மிமீ, இதுக்கு அந்த 0.4 சரியான அளவு. கேட்லயும் 0.3 குடுத்தா 0.7-க்கு மேல போய் லொடலொடங்கும். கட்டிங் கடையில கெர்ஃப் (லேசர் தின்னுற அகலம்) ஈடு செஞ்சு வெட்டுறாங்களா, கோட்டு மேல வெட்டுறாங்களான்னு கேட்டுக்கங்க. ஈடு செஞ்சு வெட்டினா மட்டும் கோணமானி சொன்ன 0.3.

துளைக்கு இதோட மறுபக்கம். துளை பெருசாகும். 608 பேரிங் உள்ள இறுக்கமா உட்காரணும்னா அதோட வெளிவிட்டம் 22-க்கு 21.8 மிமீ வரையணும். ஒரே அட்டையில 21.6, 21.7, 21.8, 21.9-னு நாலு துளை போட்டு பேரிங்கை அழுத்திப் பாத்துட்டு அப்புறம் மொத்தத்தையும் வெட்டுங்க. பலகைக்குப் பலகை பசையும் அடர்த்தியும் மாறும், அதனால இந்தச் சோதனை ஒவ்வொரு பலகைக்கும் வேணும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்கறதில்ல. லேசர் வெட்டு நேர்செங்குத்து கிடையாது. கதிர் நுழையற பக்கம் கொஞ்சம் அகலமாவும் வெளியேறுற பக்கம் குறுகலாவும் வெட்டும். அதனால பல்லு மேல்முகத்துல மெலிசு, கீழ்முகத்துல தடிப்பு. எல்லா கியரையும் ஒரே முகமா மாட்டினா தடிப்பும் தடிப்பும் ஒரே பக்கம் மோதும். ஒண்ணுவிட்டு ஒண்ணைத் திருப்பி மாட்டுங்க. ஒண்ணோட மெலிசு இன்னொண்ணோட தடிப்புக்கு எதிரா வந்து, இடைவெளி முழு தடிமனுக்கும் சமமாயிடும். உங்க ஆறு இதழ்ல 2, 4, 6-ஐத் திருப்பினா வேலை முடிஞ்சது. பேரிங் அழுத்தறதுக்கு முன்னாடியே முகத்துல பென்சில்ல குறி போட்டுக்கங்க.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு வெட்டு விளிம்பு ஊதி பல்லு தடிச்சுடும். பிர்ச்சுக்கும் சீலர் அடிக்கணும், ஆனா முகத்துக்கு மட்டும். பல்லுக்குள்ள வார்னிஷ் இறங்கினா ஒரு பூச்சுக்கே அங்க இருக்கற ஆட்டம் குறையும். பல்லுக்கு மெழுகுவர்த்தி தேய்ச்சா போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், மரம் உறிஞ்சும், தூசி ஒட்டும்.

இதழுக்குள்ள அலங்காரமா வெட்டி எடுக்கப் போறீங்கன்னா பள்ளத்துக்கு அடியில 10 முதல் 12 மிமீ வளையம் விடுங்க. அதுக்குக் கீழ போனா ஆரக்கால் இல்லாத இடத்துல வளையம் உள்வாங்கி பல்லு தாண்டும்.

இதழ்ச்சக்கரம்

மிக்க நன்றி. மூன்று தளமாகப் பிரித்து ஃப்ரீகேட்டில் மறுபடி போடுகிறேன். இதழ் வளையம், முன்னால் நடு கியர், பின்னால் 24-க்கு 48. நீள்வட்டம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? 144 மிமீ மைய தூரத்துக்குள்ளேயே அடங்குமா?

குவியம்

அடங்கும். ஒரே அளவுள்ள இரண்டு நீள்வட்டங்கள், ஒவ்வொன்றும் தன் குவியத்தில் அச்சு வைத்துச் சுழன்றால், வழுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று உருளும். மைய தூரம் எப்போதும் நெட்டச்சின் நீளம். ஆக 144 மிமீ உங்கள் நெட்டச்சு, அதில் பாதி 72.

அடுத்து எவ்வளவு நீட்டலாம் என்பது. மையத்தகவு (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்ற அளவு, வட்டத்துக்கு 0) 0.4 எடுத்துக்கொள்ளுங்கள். குற்றச்சில் பாதி 65.99 மிமீ, மையத்திலிருந்து குவியம் 28.8 மிமீ. பார்க்கக் கிட்டத்தட்ட வட்டம்தான், ஆனால் வேகம் 0.43 மடங்கிலிருந்து 2.33 மடங்கு வரை மாறும். முதல் நீள்வட்டத்தை முதல் இதழோடு பிணைத்து, இரண்டாவதை இரண்டாம் இதழின் அச்சில் தனி பேரிங்கில் தளர்வாக விடுங்கள். பின்னால் இதழ் சீராகச் சுற்றும்போது முன்னால் நீள்வட்டம் அதை 47° வரை முந்தி, பிறகு 47° வரை பின்தங்கும். நீங்கள் கேட்ட கூடிக் குறையும் ஓட்டம் இதுதான். மையத்தகவை 0.6-க்கு ஏற்றினால் விகிதம் 4 மடங்காகும். அங்கே ஓட்டும் விசை பல்லைத் தள்ளுவதை விட்டு அச்சைத் தள்ள ஆரம்பிக்கும், மரத்தில் அது சிக்கும்.

பல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். நெட்டச்சின் ஒரு முனையில் பல் வைத்தால், ஒற்றைப்படையில் எதிர்முனையில் தானாகவே பள்ளம் வரும். ஒன்றின் அருகு முனை (அச்சுக்குப் பக்கத்தில் உள்ளது) மற்றதன் தொலை முனையைத் தொடுவதால் பல் பள்ளத்தில் விழும், ஒரே கோப்பிலிருந்து இரண்டு வெட்டினால் போதும். இப்படி முனையில் பல் வைத்து இரட்டைப்படை எடுத்தால் இரண்டுக்கும் வேறு வேறு வடிவம் வரைய வேண்டும்.

சுற்றளவுக்கு இராமானுஜன் 1914-இல் தந்த தோராயம் போதும்: பை × [3(அ + ஆ) − √((3அ + ஆ)(அ + 3ஆ))]. அ நெட்டச்சில் பாதி, ஆ குற்றச்சில் பாதி. நம் எண்களுக்கு 433.7 மிமீ. இந்த அளவு மையத்தகவுக்கு லேசரின் துல்லியத்தைவிட அது மிக மிகத் துல்லியம். 35 பல் வைத்தால் மாட்யூல் 3.944. முழு எண்ணாக இல்லையே என்று கவலை வேண்டாம், இந்த ஜோடி வேறு எதோடும் சேரப்போவதில்லை. கண்ணுக்கு மாட்யூல் 4 இதழ்களோடு ஒத்துப்போகும்.

பல் வரைவதற்குக் கோணத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள், வில் நீளத்தைப் பிரியுங்கள். கோணத்தைப் பிரித்தால் பல் ஓரிடத்தில் நெருங்கி, இன்னோரிடத்தில் அகன்று, ஒரு சுற்றுக்குள் சிக்கிவிடும். எனக்குப் பிடித்த வழி, நேர்ப்பல் சட்டத்தை வைத்துச் செதுக்குவது. நீள்வட்டத்தை 3.94 மிமீ வெளியே ஆஃப்செட் செய்தது மூலத்தகடு. 20° பக்கமும் 12.39 மிமீ பல் இடைவெளியும் உள்ள நேர்ப்பல் சட்டம் ஒன்று வரையுங்கள், அதன் பல் பிட்ச் கோட்டுக்கு உள்ளே 4.93 மிமீ இறங்க வேண்டும். வில் நீளத்தில் ஒவ்வொரு 0.5 மிமீக்கும் சட்டத்தைத் தொடுகோடாக வைத்து, இதுவரை கடந்த வில் நீளத்துக்குச் சமமாகத் தொடுகோட்டில் பின்னுக்கு நகர்த்தி, தகட்டிலிருந்து கழியுங்கள். மொத்தம் சுமார் 870 கழித்தல். ஓப்பன்எஸ்கேட்டில் இருபரிமாணத்தில் ஒரே சுழற்கட்டளையில் முடியும், ரைனோவில் கிராஸ்ஹாப்பரிலும் இதே முறைதான். படி 2 மிமீ என்று வைத்தால் பல்லின் பக்கத்தில் படிக்கட்டு தெரியும்.

அடிக்குடைவு வருமா என்று முனையில் பாருங்கள். அங்கே வளைவாரம் 60.5 மிமீ, 31 பல் கியருக்குச் சமம். 17-ஐவிட நன்றாக மேலே இருப்பதால் பயமில்லை.

மாட்டும்போது முதலாவதை அப்படியே நகலெடுத்து நெட்டச்சு வழியே 144 மிமீ நகர்த்துங்கள், திருப்ப வேண்டாம். இரண்டிலும் ஒரே பக்கத்துக் குவியத்தில் துளை. ஒரு எச்சரிக்கை: தொலை முனை அச்சிலிருந்து 104.7 மிமீ நீளும், முன்னால் இருக்கும் நடு கியரை இடிக்கும். அதனால் இந்த ஜோடிக்கு நடு கியருக்கும் முன்னால் இன்னொரு தளம் வேண்டும்.

மெல்லச்சுழல்

நீள்வட்டத்தில் யாரும் சொல்லாத ஒன்று சமநிலை. 6 மிமீ பிர்ச்சில் முழுத்தகடாக வெட்டினால் எடை ஏறக்குறைய 61 கிராம், எடைமையம் அச்சிலிருந்து 28.8 மிமீ தள்ளி. சுவரில் செங்குத்தாக மாட்டுவதால் கனமான பக்கம் உச்சியைத் தாண்டியதும் தானாக விழும், 0.4 மிமீ ஆட்டத்தைக் கடந்து மறுபக்கப் பல்லில் ‘டக்’ என்று மோதும். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தச் சத்தம் வரும். தொலைப் பக்கத்தில் பூவேலையாகத் துளைகளைத் திறந்துவிட்டு, அருகுப் பக்கத்தைக் கெட்டியாக விடுங்கள். மீதியை அருகு முனைக்குப் பின்னால் எஃகு வாஷர் ஒட்டிச் சரிசெய்யலாம். மாடலில் அடர்த்தியைக் கொடுத்தால் ஃப்ரீகேட்டோ ஃப்யூஷனோ எடைமையத்தைச் சொல்லிவிடும், அது துளைக்கு 2 மிமீக்குள் வரும்வரை துளைகளை மாற்றுங்கள்.

608 பேரிங்கின் தடிமன் 7 மிமீ, பலகை 6 மிமீ. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் துருத்தும்படி அழுத்தினால் கியர் பின்பலகையில் உரசாது. வாஷர் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும், வெளிவளையத்தைத் தொட்டால் பேரிங் இருந்தும் பயனில்லை. ரப்பர் மூடி உள்ளதை வாங்காதீர்கள். இந்த வேகத்தில் ரப்பரும் கெட்டி கிரீஸும்தான் பெரிய உராய்வு. உலோக மூடியுள்ளதை வாங்கி, தின்னரில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

மோட்டாருக்கு 12 வோல்ட் டிசி கியர் மோட்டார், நிமிடத்துக்கு 3 முதல் 5 சுற்று. 60 சுற்று மோட்டாரை வாங்கி மின்னழுத்தத்தைக் குறைத்து மெதுவாக்கினால் விசையும் போய் நின்றுவிடும். மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் 220 வோல்ட் மோட்டார் மலிவு, சத்தமில்லை. ஆனால் அது ஒவ்வொரு முறையும் எந்தத் திசையில் கிளம்பும் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சுவரில் 220 வோல்ட்டைத் திறந்த சட்டத்துக்குள் கொண்டுவருவதும் எனக்கு உடன்பாடில்லை.

மோட்டாரைக் கியரோடு நேரடியாக இறுக்காதீர்கள். இடையில் கம்பளி வாஷரும் சுருள்வில்லும் வைத்து அழுத்தமாக விடுங்கள். குழந்தை இதழைப் பிடித்து நிறுத்தினால் கம்பளி வழுக்கும், பல் உடையாமல் தப்பும். கியர் குறைப்பு விசையை எவ்வளவு பெருக்குகிறது என்பதைக் குறைத்து எண்ணுகிறோம். ஆர்தர் கேன்சனின் ‘மெஷின் வித் கான்கிரீட்’ சிற்பத்தில் ஐம்பதுக்கு ஒன்றாக வேகம் குறைக்கும் 12 வார்ம் (திருகு வடிவக் கியர்) ஜோடிகள். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, கடைசிக் கியர் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்று கணக்கிட்டால் அது ஒரு முறை சுற்ற 2.3 லட்சம் கோடி ஆண்டு. அங்கே அது கலை, உங்கள் பிளைவுட்டில் அதே பெருக்கம் பல்லை உடைக்கும்.

மாட்யூல்நான்கு

ஒரு சின்னச் சேர்க்கை. நாளை இதே இதழ்களை அறுகோணத்தில் இல்லாமல் நான்கு கியர் சாய்சதுரமாக அடுக்க நினைத்தால், இரட்டைப்படை என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு கியரிலும் வளையத்தின் உட்கோணத்தைப் பல் எண்ணிக்கையால் பெருக்கி 360-ஆல் வகுங்கள். வரும் எண்களை வரிசையாக ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போங்கள். விடை முழு எண்ணாக வந்தால்தான் கடைசிப் பல் பள்ளத்தில் விழும். ஒழுங்கான அறுகோணத்தில் எல்லாக் கோணமும் 120°, விடை பூஜ்யம், அதனால்தான் உங்களுக்கு அங்கே சிக்கல் வரவில்லை. நான்கும் 20 பல்லாக, 60° சாய்சதுரமாக வைத்தால் மூன்று சேரும், நான்காவது மூன்றில் ஒரு பல் தள்ளி நிற்கும். 24 பல் என்றால் கணக்கு முழு எண்ணாகும், ஆனால் 60°-இல் எதிரெதிர் கியர் இரண்டு ஒன்றையொன்று தொட்டு, மூன்றின் வளையமாகிப் பூட்டிக்கொள்ளும். 20 பல்லே வேண்டுமென்றால் 63°, 67.5° இரண்டிலும் கணக்கு முழு எண்ணாக வரும். ஆனால் 63°-இல் எதிரெதிர் கியர் இரண்டின் பல்நுனிகள் இன்னும் ஒன்றையொன்று முட்டும், ஆகவே 67.5°.